வாசகர் கேள்வி – பதில்: ஈராக், குவைத், நடுவே ஒரு கழி

கே: ஈராக் அவ்வளவு பெரிய நாடு, குவைத் கையளவு. அந்தச் சின்ன நாட்டின் மேல் ஈராக்குக்கு ஏன் தீராத கண்?

ப: வரைபடத்தில் பாரசீக வளைகுடாவின் வடமேற்கு மூலையைப் பாருங்கள். ஈராக்கின் பரப்பு 4,38,000 சதுர கி.மீ.க்கு மேல். கடற்கரை சுமார் 58 கி.மீ.தான், அதிலும் பெரும்பகுதி சேறும் சதுப்பும். கிழக்கே ஷத் அல் அரப் ஆறு ஓடுகிறது. 1975 அல்ஜியர்ஸ் ஒப்பந்தப்படி அதன் ஆழமான நீரோட்டத்தின் வழியே ஈரான் எல்லை போகிறது. மேற்கே கோர் அப்துல்லா என்ற கழி, அதாவது நிலத்துக்குள் நுழையும் குறுகிய கடல்வழி. அதன் மறுகரையில் இருப்பவை குவைத்துக்குச் சொந்தமான புபியான், வர்பா தீவுகள். உம் கஸ்ர் துறைமுகத்துக்குப் போகும் சரக்குக் கப்பல் இந்தக் கழிக்குள் நுழைந்தே ஆக வேண்டும். வண்டல் படிவதால் அடிக்கடி தூர் வாரவும் வேண்டும்.

பாக்தாதில் மன்னர் காஸி இருந்தபோதும் சரி, பிரதமர் காசிம், அதிபர் சதாம் வந்தபோதும் சரி, ‘குவைத் எங்களுடையது’ என்ற பேச்சு மாறவில்லை. 1961 ஜூன் 19 அன்று குவைத் விடுதலை பெற்றது. ஆறே நாளில் காசிம் அதற்கு உரிமை கொண்டாடினார். பிரிட்டிஷ் படை வந்து இறங்கிய பிறகே அடங்கினார். 1963இல் ஈராக் குவைத்தை அங்கீகரித்தது. ஆனால் 1973இல் குவைத்தின் சமிதா எல்லைச் சாவடியைத் தாக்கியது!

கே: 1990 படையெடுப்புக்கு எண்ணெய்த் திருட்டுதான் காரணமாமே?

ப: அது ஈராக் சொன்ன குற்றச்சாட்டு. ஈராக்கின் ருமைலா எண்ணெய் வயலின் தென்முனை எல்லை தாண்டிக் குவைத் பக்கமும் நீள்கிறது. அங்கே குவைத் சாய்வாகத் துளையிட்டு எண்ணெய் எடுத்தது என்றது ஈராக். ஆனால் எண்ணெய் ஏரி போலத் தேங்கி நிற்பதில்லை, நுண்துளைப் பாறையில் ஊறிக் கிடக்கிறது. ஓரிடத்தில் உறிஞ்சினால் அங்கே அழுத்தம் குறைந்து, அக்கம்பக்கத்து எண்ணெய் அந்தப் பக்கம் நகரும். தன் நிலத்தில் நேராகத் துளையிட்டவரே அடுத்தவர் எண்ணெயில் கொஞ்சம் எடுத்துவிட முடியும். பொது வயலைக் கூட்டாக நிர்வகிக்க ஒப்பந்தம் இல்லாவிட்டால் இந்தத் தகராறு ஓயாது.

என் கணிப்பில் திருட்டைவிடக் கடன்தான் பெரிய காரணம். ஈரானுடன் எட்டு ஆண்டு போரிட்ட ஈராக்குக்குக் குவைத் கொடுத்திருந்த கடனைத் தள்ளுபடி செய்யச் சொன்னார் சதாம், குவைத் மறுத்தது. கூடவே, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் தந்த ஒதுக்கீட்டை மீறிக் குவைத் எண்ணெய் இறைத்தது, அதனால் விலை சரிகிறது என்றது ஈராக். பீப்பாய்க்கு ஒரு டாலர் இறங்கினால் தங்களுக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர் நஷ்டம் என்று ஈராக் கணக்குச் சொன்னது. 1990 ஆகஸ்ட் 2 அன்று படை நுழைந்தது.

கே: எல்லைதான் 1993இலேயே முடிவாகிவிட்டதே, இன்னும் என்ன வழக்கு?

ப: நிலத்தில் முடிந்துவிட்டது. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 833ஆம் தீர்மானம் வகுத்த எல்லையை 1994 நவம்பரில் ஈராக் ஏற்றது. சிக்கல் நீரில் இருக்கிறது: கழியில் 162ஆம் எண் எல்லைப் புள்ளியோடு கோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால், திறந்த கடல் வரை யார் எல்லை எது என்று வரையப்படவில்லை.

கழியில் கப்பல் போக்குவரத்தை இருவரும் சேர்ந்து கவனிக்க 2012இல் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு ஒப்புதல் தந்த சட்டம் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெறவில்லை என்று 2023 செப்டம்பரில் ஈராக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. குவைத் கொதித்தது. இதற்கிடையே குவைத் புபியானில் முபாரக் அல் கபீர் துறைமுகத்தைக் கட்ட, ஈராக் தன் கரையிலுள்ள ஃபாவில் பெருந்துறைமுகம் எழுப்புகிறது. அங்குள்ள மேற்கு அலைதடுப்புச் சுவர் மட்டும் 14 கி.மீ.க்கு மேல் நீளம்.

கே: 1990 படையெடுப்புக்கான நஷ்டஈட்டை ஈராக் கொடுத்து முடித்ததா?

ப: முடித்தது. மொத்தம் 5,240 கோடி டாலர். எண்ணெய் வருவாயில் முதலில் 30 சதவீதம் பிடித்தார்கள். 2003க்குப் பிறகு 5 சதவீதம், பின்னர் இன்னும் குறைத்தார்கள். கடைசித் தவணை 2022 ஜனவரியில் போனது.

கே: ஆக்கிரமிப்பில் குவைத் தினார் என்ன ஆனது?

ப: ஒரு குவைத் தினாருக்கு, சந்தையில் மதிப்புக் குறைந்த ஒரு ஈராக் தினார் என்று சதாம் அரசு அறிவித்தது, சேமிப்பெல்லாம் கரைந்தது. நோட்டுக் கட்டுகளும் கொள்ளை போயின. அதனால் விடுதலைக்குப் பின், 1991 மார்ச்சில் குவைத் புதிய நோட்டுகளை வெளியிட்டு, பழையவற்றைச் செல்லாதவையாக்கியது.