சம்பளம் இல்லை, அதனால் விசாவும் வேண்டாமா?

சம்பளமே வாங்கப் போவதில்லையே, சுற்றுலா விசாவில் போய் மூன்று மாதம் தொண்டு செய்துவிட்டு வரட்டுமே என்று மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குடிவரவு அதிகாரி சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. அந்த வேலையை உள்ளூர்க்காரர் ஒருவர் காசுக்குச் செய்வாரா என்றும் பார்ப்பார்.

கனடாவின் விதியே இப்படித்தான் சொல்கிறது: கூலி வாங்காவிட்டாலும், அந்நாட்டவரின் வேலைவாய்ப்போடு நேரடியாகப் போட்டியிட்டால் அது வேலை. அமெரிக்காவில் மத அமைப்பு அல்லது லாபநோக்கற்ற அமைப்பின் தொண்டுத் திட்டத்துக்கு பி-1 என்ற தற்காலிக வருகை விசாவில் போகலாம். ஆனால் அங்கே எதையும் விற்கவோ நன்கொடை கேட்கவோ கூடாது. ஆஸ்திரேலியாவில் சுற்றிப் பார்ப்பது முக்கிய நோக்கமாக இருந்து, இடையில் கொஞ்சம் தொண்டு செய்தால் தடையில்லை. சாப்பாடும் தங்குமிடமும் பெற்றுக்கொள்ளலாம், பணம் கூடாது.

பிரிட்டன் என்றால் உங்கள் கணக்கு உதைக்கும். வருகையாளர் விசாவில் மொத்தமே 30 நாள்தான், அதுவும் பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு மட்டும். மூன்று மாதத்துக்கு அறப்பணியாளர் விசா வேண்டும். அதில் 12 மாதம் வரை இருக்கலாம். ஆனால் அழைக்கும் அமைப்புக்கு ஸ்பான்சர் உரிமம், அதாவது வெளிநாட்டவரை அப்படி அழைக்க அரசு தரும் அனுமதி இருந்து, அது சான்று கொடுத்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். நல்ல அமைப்பாக இருப்பது வேறு, உரிமம் வைத்திருப்பது வேறு. பலர் இடறுவது இங்கேதான்.

அப்புறம், விடுதியில் அறை துடைத்தால் இலவசமாகத் தங்கலாம், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் சாப்பாடு என்றெல்லாம் வாய்ப்புகள் வரும். என்னைக் கேட்டால் அது தொண்டு இல்லை, பண்டமாற்று. பல நாடுகளின் அதிகாரிகளும் அதை வேலையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? டிக்கெட் எடுக்கும் முன்பே அந்த அமைப்புக்கு மகளையே எழுதச் சொல்லுங்கள்: எந்த விசாவில் வர வேண்டும், பதிவு எண் என்ன, தினமும் என்ன வேலை, செலவு யார் பொறுப்பு. பதிலை அந்நாட்டு அரசின் இணையதளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "விமான நிலையத்தில் சுற்றுலா என்று மட்டும் சொல்லுங்கள்" என்று யாராவது சொல்லிக்கொடுத்தால், அந்த இடத்தை அப்போதே விட்டுவிடுங்கள். பொய் சொன்னது பதிவானால், நாளை அவள் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் அது முன்னால் வந்து நிற்கும்.