குடை விரிக்காத பவளம்

கேள்வி: சென்னை வேளச்சேரியில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதிலுள்ள காளான் வடிவ லெதர் பவளம் மூன்று வாரமாகப் பாலிப்புகளை, அதாவது பூ மாதிரி விரியும் சிறு கைகளை, நீட்டவில்லை. பழுப்பாக இருந்த குடை வெளுத்து, மேலே மெழுகு பூசியது போல மினுங்குகிறது. ஐந்து வாரத்துக்கு முன் புது எல்இடி விளக்கு மாட்டினேன். கண்ணாடியில் பாசி படிந்ததால் பாஸ்பேட் உறிஞ்சியும் போட்டு, வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன். நைட்ரேட் 0, பாஸ்பேட் 0, உப்பு (ஒப்படர்த்தி) 1.025, வெப்பம் 27 டிகிரி. மீன்கள் நன்றாக இருக்கின்றன. கடையில் விளக்கை இன்னும் கூட்டி, சத்து மருந்து ஊற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இரண்டையும் தள்ளி வையுங்கள். உங்கள் பவளத்துக்கு வந்திருப்பது நோய் இல்லை. வெளிச்சத்தில் வெந்து, அதோடு பட்டினியும் கிடக்கிறது.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் குடையின் அடிப்புறத்தைப் பாருங்கள். மேலே விளக்கு விழும் பக்கம் மட்டும்தான் மோர் நிறத்துக்கு வந்திருக்கிறது. நிழலில் இருக்கும் அடிப்புறமும் தண்டும் இன்னும் நல்ல பழுப்பு. தண்ணீர் கெட்டிருந்தால் இப்படிப் பக்கம் பார்த்து வெளுக்காது, உடம்பு முழுக்கத் தெரியும். அந்தப் பழுப்பு என்பது பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி. பவளத்துக்கு வேண்டிய மாவுச்சத்தில் பெரும்பகுதியைச் சமைத்துத் தருவது அதுதான். வெளிச்சமோ வெப்பமோ அளவுக்கு மீறினால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் கோடையில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்ததும் இதே விதமாகத்தான். உங்கள் தொட்டியில் வெப்பம் சரியாக இருக்கிறது, மிஞ்சிப் போனது விளக்கு.

அடுத்தது அந்த இரண்டு பூஜ்யங்கள். குடிதண்ணீர் என்றால் சந்தோஷப்படலாம். பவளத் தொட்டியில் எனக்கு அது கவலை. நெல்லுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் எப்படியோ, உள்ளே இருக்கும் பாசிக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அப்படி. உறிஞ்சியும் போட்டு வாரம் 30 சதவீதம் தண்ணீரும் மாற்றினால், வயலை வடித்துவிட்டு விளைச்சல் கேட்பது போல ஆகிவிடும். கண்ணாடிப் பாசியைச் சுரண்டி எடுத்தால் போதும், அதற்குப் பயந்து பவளத்தைப் பட்டினி போடாதீர்கள்.

அந்த மெழுகுப் படலம் பயப்பட வேண்டியதில்லை. லெதர் பவளம் அவ்வப்போது இப்படி மூடிக்கொண்டு, மேல்தோலை உரித்துவிட்டுத் திரும்ப விரியும். சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். உங்களுக்கு மூன்று வாரம் தாண்டியதற்குக் காரணம், உரிந்தது நகராமல் ஒட்டிக்கொண்டிருப்பது. தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கர் மோட்டாரை நேராக அதன் மேல் திருப்பாமல், கண்ணாடியில் மோதி வரும் ஓட்டம் குடையை வருடும்படி வையுங்கள். கறுத்துக் குழைந்த இடம் ஏதும் இருக்கிறதா, வெளியே எடுத்தால் அழுகல் வாடை வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் கூரான பிளேடால் நல்ல சதை வரும்வரை வெட்டி எடுத்துவிடலாம், லெதர் தாங்கும். கையுறை கட்டாயம். பக்கத்தில் சோயாந்தஸ் என்ற பொத்தான் போன்ற பவள இனம் இருந்தால் கண்ணுக்கும் பாதுகாப்பு வேண்டும், சில வகைகளில் கடுமையான விஷம் உண்டு.

சரி, செய்ய வேண்டியது என்ன? இன்றே விளக்கை இப்போது இருப்பதில் பாதியாகக் குறையுங்கள். பவளம் தேறிய பிறகு, வாரத்துக்குக் கொஞ்சமாக ஒன்றரை மாதத்தில் ஏற்றலாம். உறிஞ்சியை எடுத்துவிடுங்கள். தண்ணீர் மாற்றுவது 10 சதவீதம் போதும். மீனுக்குத் தீனியைச் சற்றுக் கூட்டினால் நைட்ரேட் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) பக்கமும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரையும் தானாக வந்து நிற்கும். லெதர் தன் ரசாயனத்தைத் தண்ணீரில் கசியவிட்டு அக்கம்பக்கத்துப் பவளத்தைத் துன்புறுத்தும், அதனால் ஒரு பிடி ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு வையுங்கள்.

அப்புறம் அந்த உப்பு அளவு. முள் அசையும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் பார்த்திருந்தால் நான் நம்ப மாட்டேன். முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவைக் கூட்டிக் காட்டும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கி, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிபார்த்துவிட்டு அளந்து பாருங்கள். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குச் சுத்தமான ஆர்ஓ தண்ணீர்தான், உப்புத் தண்ணீர் கூடாது.

கல் போன்ற எலும்புக்கூடு கட்டும் கல் பவளமாக இருந்திருந்தால் முதலில் காரத்தன்மையையும் கால்சியத்தையும்தான் கேட்டிருப்பேன். நம் நாட்டில் கல் பவளம் எல்லாமே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு இருக்கிறது. யாராவது மண்டபத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ எடுத்துத் தருகிறேன் என்றால் தொடவே தொடாதீர்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு படம் அனுப்புங்கள். நீல விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளை வெளிச்சத்தில் எடுங்கள். நீலத்தில் வெளுத்த பவளமும் அழகாகத்தான் தெரியும்.