இரண்டு மடங்கு விலைக்கு எவ்வளவு கூடுதலாகத் தெரியும்?

கேள்வி: அக்கரைப்பற்றில் ஆசிரியராக இருக்கிறேன். வயது 52, கண்ணாடி போடுகிறவன். மாதத்தில் இரண்டு மூன்று தடவை பொத்துவில் களப்புக்கும் குமணவுக்கும் பறவை பார்க்கப் போவேன். பழைய பைனாகுலர் மங்கிப் போய்விட்டது. நிக்கோன் மொனார்க் எம்7 8×42 வாங்கலாம் என்றிருந்தேன். கட்டாரில் இருக்கும் மச்சான் அதே கம்பெனியின் உயர்ந்த வரிசையான மொனார்க் எச்ஜி 8×42 வாங்கி வருகிறேன் என்கிறார். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சைஸ் (Zeiss), சுவரோவ்ஸ்கி போன்ற கம்பெனிகள் அளவுக்குப் பெயரில்லாத கம்பெனிக்கு இவ்வளவு கொடுக்கலாமா?

பதில்: பெயரை விட்டுவிட்டு இரண்டின் விபரத்தாளையும் அருகருகே விரித்துப் பாருங்கள். இரண்டும் எட்டு மடங்கு பெருக்குபவை, முன்வில்லை இரண்டிலும் 42 மி.மீ. பார்வைப் பரப்பு இரண்டுக்கும் 8.3 பாகை, அதாவது 1000 மீற்றர் தூரத்தில் 145 மீற்றர் அகலம் தெரியும். எடை எம்7 670 கிராம், எச்ஜி 665 கிராம். நிறப்பிசிறை (உருவத்தின் ஓரத்தில் வரும் நிறக்கோட்டை) குறைக்கும் ஈடி கண்ணாடியும், உள்ளே ஒளியைத் திருப்பிப் படத்தை நிமிர்த்தும் கண்ணாடித் துண்டுகளான அரியங்களில் ஒளியை இழக்காமல் திருப்பும் டைஎலக்ட்ரிக் பூச்சும் இரண்டிலும் உண்டு. எச்ஜியில் கூடுதலாக இருப்பவை மூன்று: காட்சியின் ஓரத்தையும் தெளிவாக்கும் தட்டையாக்கும் வில்லை, பிளாஸ்டிக்குக்குப் பதிலாக மெக்னீசியக் கலப்புலோக உடல், கூடிய நீர்காப்பு. எம்7 ஒரு மீற்றர் ஆழத்தில் பத்து நிமிடம் தாங்கும், எச்ஜி ஐந்து மீற்றர் ஆழத்தில் பத்து நிமிடம். நீங்கள் கூட்டிக் கொடுக்கப்போகும் காசு முக்கியமாக இந்த மூன்றுக்கும்தான்.

கடைக்காரர்கள் முதலில் சொல்வது "வெளிச்சம் கூட" என்பது. பூச்சில்லாத கண்ணாடி, காற்றைச் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பன்னிரண்டு பரப்பு இருந்தால் கண்ணுக்கு வந்து சேர்வது 61 சதவீதம் மட்டுமே. எல்லாப் பரப்புக்கும் பல அடுக்குப் பூச்சிட்டு, ஒவ்வொன்றிலும் இழப்பை அரை சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் அது 94 ஆகிறது. அரியத்தின் உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் ஒரு பரப்பும் இருக்கிறது. அதற்கு அலுமினியம் பூசினால் பத்துச் சதவீதத்துக்கும் மேல் போய்விடலாம், டைஎலக்ட்ரிக் பூசினால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மலிவான பைனாகுலரிலிருந்து நல்ல இடைத்தரத்துக்கு மாறும்போது கண் திறந்ததுபோல் இருப்பதற்குக் காரணம் இந்தப் படிகள்தான். எம்7 இவற்றை ஏற்கனவே ஏறிவிட்டது. அதற்கு மேல் கிடைக்கும் ஓரிரு சதவீதத்தை, இரண்டையும் மாறி மாறிக் கண்ணில் வைத்தாலும் பிடிப்பது கடினம்.

உங்கள் வயதுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 42ஐ எட்டால் வகுத்தால் 5.25 மி.மீ. பின்வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. நடுப்பகலில் கண்மணி இரண்டு மூன்று மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால் மீதி ஒளி கண்ணுக்குள் போகவே போகாது. மங்கலில் இளைஞருக்கு அது ஏழு மி.மீ. வரை விரியும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தோடு நின்றுவிடும். அதனால் 8×42 உங்களுக்குச் சரியான அளவு. 10×42 என்றால் கற்றை 4.2 மி.மீ.தான். குமணவின் உகந்தை வாசலால் விடியற்காலை உள்ளே போகும்போதும் பொழுதுபடும் நேரத்திலும் அந்தக் குறைவு தெரியும். ஜீப்பின் குலுக்கலில் பத்து மடங்கு கையில் நிற்கவும் நிற்காது.

ஓரத்துத் தெளிவில்தான் எச்ஜி உண்மையிலேயே முன்னால் நிற்கிறது. மாரி காலத்தில் பொத்துவில் களப்பின் சேற்றுமேட்டில் உள்ளான் கூட்டம் ஒரே வரிசையில் நிற்கும். எம்7இல் நடுவில் நிற்பதன் காலின் நிறம், அலகின் வளைவு எல்லாம் துல்லியமாகத் தெரியும். வரிசையின் கடைசியில் நிற்பவை மட்டும் சற்றுக் கரைந்திருக்கும். எச்ஜியில் அவற்றிலும் பெரும்பாலானவை தெளிவாக நிற்கும், எண்ணுவதற்குப் பைனாகுலரை அசைக்க வேண்டியதில்லை. கூட்டத்தை எண்ணிக் குறிப்பெடுப்பவருக்கு இது பெரிய உதவி. ஒரு பறவையை நடுவில் வைத்து நின்று ரசிப்பவருக்கு வித்தியாசம் சிறிது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தட்டையாக்கும் வில்லை உள்ள பைனாகுலரை வேகமாகப் பக்கவாட்டில் வீசிப் பார்த்தால், காட்சி பந்தின் மேல் உருள்வதுபோல் சிலருக்குத் தலை சுற்றும். அது ஆளுக்கு ஆள் வேறுபடும், கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எந்த விலைக்கும் வசப்படாத ஒன்று, வெயிலில் சூடேறிய காற்றின் நெளிவு. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது காலை பத்து மணிக்குப் பிறகு அம்பாறைக் குளத்தின் மேல் காற்று கொதிக்கிற மாதிரி நெளியும். அந்த நேரம் அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் கூழைக்கடா எச்ஜியிலும் எம்7இலும் ஒரேபோல ஆடும். பைனாகுலர் சரியில்லை என்று மாற்றுகிறவர்களில் பலர் உண்மையில் காற்றைப் பார்த்துக் குறைப்பட்டவர்கள்.

கண்ணாடி போடுகிறவர் விலைக்கு முன்னே பார்க்க வேண்டியது, பின்வில்லையிலிருந்து கண்ணை எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்ற அளவு. குறைந்தது 15, 16 மி.மீ. வேண்டும். எம்7இல் 17.1, எச்ஜியில் 17.8. இரண்டும் போதும், இறப்பர்க் கிண்ணத்தை முழுவதும் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். வட்டத்தின் ஓரம் முழுதாகத் தெரியாவிட்டால் உங்கள் கண்ணாடியின் சட்டம் தடிப்பாக இருக்கிறது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், மாதம் இரண்டு மூன்று தடவை போகிற உங்களுக்கு எம்7 போதும். மிஞ்சும் காசில் அதைப் பாதுகாக்க ஒரு உலர்பெட்டி செய்யுங்கள். எச்ஜி வாங்குவது பிழை என்று சொல்லவில்லை. தினமும் பயணிகளைக் குமணவுக்குக் கூட்டிப் போகும் வழிகாட்டிக்கும், தோணியில் நின்று கணக்கெடுப்பவருக்கும் அந்த உடலும் நீர்காப்பும் ஓரத்துத் தெளிவும் காசுக்குத் தகும். ஆனால் "வாழ்நாளுக்கும் போதும்" என்ற மச்சானின் வாதத்தை நம்பி வாங்காதீர்கள். நம் கரையில் பைனாகுலரின் ஆயுளைக் குறைப்பவை பெரும்பாலும் உப்பும் ஈரலிப்பும்.

அதனால் புதியது வருமுன் பழையது ஏன் மங்கியது என்று பாருங்கள். இரவில் சிறிய டோர்ச்சை முன்வில்லைக்குள் சாய்வாக அடித்து, அதே பக்கத்திலிருந்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளைவிட்டு ஓடியிருந்தால் அது பூஞ்சணம். காற்றில் ஈரம் 70 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும், அது சுரக்கும் அமிலம் பூச்சை அரிக்கும். நூல் எதுவும் இல்லையென்றால் கண் வேறுபாட்டுத் திருத்தம் கலைந்திருக்கலாம். வலது முன்வில்லையை மூடி, தூரத்துப் பெயர்ப்பலகையை இடது கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது பின்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாததால் கைவிடப்பட்ட நல்ல பைனாகுலர்கள் பல.

உலர்பெட்டிக்கு, இறப்பர் வளையத்தோடு இறுகப் பூட்டும் பத்து லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 200 கிராமும், சிறிய ஈரமானி ஒன்றும் போதும். ஈரம் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் 110, 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் காய வைத்தால் மீண்டும் பாவிக்கலாம். பைனாகுலரோடு வரும் துணிப்பையைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

கடற்கரையிலிருந்து வந்த அன்றே உப்பை எடுக்க வேண்டும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதிவிடுங்கள். பிறகு, நீர்புகாதது என்று எழுதியிருந்தால் மட்டும், நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவி, நிழலில் ஆறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். சாரத்தின் முனையால் துடைத்தால் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகளே பூச்சில் கோடு போட்டுவிடும். குமணவில் நுளம்புக்குப் பூசுகிறவர்கள் கையைக் கழுவிவிட்டே பைனாகுலரைத் தொட வேண்டும். டீட் கலந்த தைலம் இறப்பரையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும்.

எதை வாங்கினாலும் மச்சான் கட்டாரில் கடையை விட்டு வெளியேற முன் நான்கு காரியம் செய்யட்டும். உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்கு மட்டுமா, இலங்கையிலிருந்து அனுப்பினால் கூலி யார் பொறுப்பு என்று கேட்டு எழுதி வாங்கட்டும். வெள்ளை வானத்துக்கு எதிரே கறுப்பு மின்கம்பியைப் பார்த்து, அதன் ஓரத்தில் ஊதா அல்லது பச்சைக் கோடு எவ்வளவு தடிப்பாக வருகிறது என்று கவனிக்கட்டும். பொழுதுபடும்போது சூரியனுக்குக் கீழே உள்ள நிழலான இடத்தைப் பார்க்கட்டும். சூரியன் காட்சிக்குள் வரவே கூடாது, கண் போய்விடும். நிழலின் மேல் வெண்புகை படர்ந்தால் அது உள்ளே சிதறும் ஒளி, அப்படியென்றால் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் நின்று மாலையில் வாவியைப் பார்க்க அந்தப் பைனாகுலர் உதவாது. கடைசியாக, தூரத்தில் உள்ள ஒரு கிடைக்கோட்டை, மதில் விளிம்போ கம்பியோ, இரு கண்ணாலும் பார்த்தபடி பைனாகுலரை மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் தள்ளிப் பிடிக்கட்டும். இரண்டு வட்டத்திலும் கோடு ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஒரு பக்கம் படி விழுந்ததுபோல் இறங்கியிருந்தால் குழாய்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. அதை அன்றே, அந்தக் கடையிலேயே மாற்றச் சொல்லுங்கள். அக்கரைப்பற்றுக்கு வந்த பிறகு, நைதரசன் அடைத்து மூடிய பைனாகுலரைத் திறந்து நேராக்கி மறுபடி அடைத்துத் தருகிறவரைத் தேடிப் பிடிப்பது இலேசான காரியமல்ல.