வேலூருக்குப் புதைவடம் வேண்டுமா?

கேள்வி: கோடை மழைக்கு முன் வீசும் காற்றில் புளியமரக் கிளை ஒன்று கம்பியில் சாய்ந்தாலே எங்கள் பகுதி விடிய விடிய இருட்டில் கிடக்கிறது. கடலூரைப் போல இங்கும் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கக் கூடாதா?
வாசகர், சத்துவாச்சாரி

பதில்: கடலூரின் நிலை வேறு. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அந்த மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. கம்பம் நடுவதும் புயலில் இழப்பதுமாக இருந்த கடலோரத்தில், பலமடங்கு செலவானாலும் புதைவடம் கட்டுப்படியாகும். கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வேலூரில் புயல் பெரும்பாலும் வலுவிழந்து, மழையாகவே வந்து சேர்கிறது.

நம் ஊரின் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேலே செல்லும் வெறுங்கம்பியின் சூட்டைக் காற்று தணித்துவிடுகிறது. ஏறத்தாழ முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் வடத்தின் சூடோ மண் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதாலும், சித்திரை வெயிலில் காய்ந்த மண் சூட்டை எளிதில் கடத்தாது என்பதாலும், அதே அளவு மின்சாரத்துக்கு இன்னும் தடித்த வடம் தேவைப்படும். மலையடிவாரத் தெருக்களில் தோண்டினால் பாறை வேறு தட்டும். எனவே மருத்துவமனைகளுக்கும் நெரிசலான கடைத்தெருக்களுக்கும் செல்லும் பாதைகளை மட்டும் புதைத்துவிட்டு, உங்கள் தெரு போன்ற இடங்களில் காப்புறையிட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கிக் கம்பத்திலேயே கட்டும் ஏபி கேபிளைப் போடுவதே உகந்தது என்பேன். சிறு கிளை உரசினால் அதில் மின்தடை வராது. ஆனால் மரமே விழுந்தால் அதுவும் தாங்காது.

கேள்வி: புதைத்துவிட்டால் மழைக்காலத்தில் கவலையே இல்லை அல்லவா?
வாசகர், குடியாத்தம்

பதில்: அப்படிச் சொல்வதற்கில்லை. அறுந்த கம்பியை லைன்மேன் தெருமுனையில் நின்றே கண்டுகொள்வார். மண்ணுக்குள் பழுதென்றால் கருவி வைத்து இடத்தைக் கண்டறிந்து, சாலையைத் தோண்டி, இணைப்புப் போட்டு மூட வேண்டும். பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் எடுக்கும் பொக்லைனின் பல் பட்டு வடம் அறுவதும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில், புதைவடங்கள் உள்ள சென்னையிலேயே, வடத்திலிருந்து வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் தெருவோரப் பில்லர் பெட்டிகள் நீரில் மூழ்கியதால் பல பகுதிகளில் மின்சாரத்தை நிறுத்திவைக்க நேர்ந்தது. அண்மையில் நான் பார்த்த ஒரு பெட்டியின் கதவு, தாழ்ப்பாள் இல்லாமல், துண்டுக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அதன் அடிப்பகுதி சாக்கடை மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. புதைவடம் வருமானால், பெட்டிகளை வெள்ளம் எட்டாத மேடை மீது அமைக்குமாறு உங்கள் பகுதியினர் முதலிலேயே கேட்டுப் பெறுங்கள்.