'கேட்ச்' எல்லா இடத்திலும் 'பிடி' ஆகுமா?

கேள்வி: சளி பிடித்தால் 'கேட்ச் எ கோல்ட்', பஸ் பிடித்தால் 'கேட்ச் எ பஸ்'. தமிழில் 'பிடி' வரும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் 'கேட்ச்' போடலாமா? 'கேட்ச்ட்' ஏன் தவறு?

பதில்: போட முடியாது. காரணம் அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. 'கேட்ச்' வேட்டைச் சொல். நார்மன் பிரெஞ்சில் (வட பிரான்சின் நார்மண்டி வட்டார வழக்கு) அதன் மூலச்சொல்லுக்குத் துரத்து, வேட்டையாடு என்று பொருள். அதே சொல் மத்திய பிரான்சின் உச்சரிப்பில் வந்து 'சேஸ்' (chase) ஆயிற்று. இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள்: ஒன்று துரத்தலை வைத்துக்கொண்டது, மற்றது அகப்படுத்துதலை.

அதனால்தான் ஓடுவது, பறப்பது, நழுவுவது என்றால் 'கேட்ச்' பொருந்தும். வரும் பந்து, புறப்படப்போகும் பஸ், காதைத் தாண்டிப் போகும் பேச்சு எல்லாம் அப்படித்தான். 'ஐ டிடின்ட் கேட்ச் யுவர் நேம்' என்றால் பெயர் சரியாகக் காதில் விழவில்லை என்று பொருள்; புரியவில்லை என்பதல்ல. ஏணி ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லும்போது 'ஹோல்ட் தி லேடர்' என்றே சொல்ல வேண்டும். அங்கே 'கேட்ச்' என்றால், ஏணி விழப்போகிறது என்று கேட்பவர் பதறுவார்.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது மழையில். மழையில் மாட்டிக்கொண்டால் 'ஐ வாஸ் காட் (caught) இன் தி ரெயின்'. அந்த 'வாஸ்', 'இன்' இரண்டையும் விட்டால், மழையை நீங்கள் பிடித்ததாக ஆகிவிடும். காய்ச்சலுக்கு இன்றைய வழக்கில் 'ஐ ஹேவ் எ ஃபீவர்' போதும். சளி, ஃப்ளூ போன்ற தொற்றுகளுக்குத்தான் 'கேட்ச்' இயல்பு.

'கேட்ச் அப் வித்' என்றால் முன்னே போனவரை எட்டிப்பிடிப்பது. நண்பர்களுக்குள் சொன்னால், சந்தித்து, விட்டுப்போன கதைகளைப் பேசுவது. தேங்கிய வேலையை முடிக்க 'கேட்ச் அப் ஆன்'.

இறந்தகாலம் 'காட்', எழுத்தில் வரும் 'ஜி, எச்' ஒலிக்காது. பிரெஞ்சிலிருந்து வந்த வினைகள் பெரும்பாலும் 'எட்' ஏற்கும். ஆனால் இது, ஏறக்குறைய அதே பொருளில் அன்று வழங்கிய 'லாட்ச்' (latch) என்ற பழைய ஆங்கில வினையின் இறந்தகால வடிவத்தைப் பின்பற்றிக்கொண்டது.

'காட் ரெட்-ஹேண்டட்' நம் 'கையும் களவுமாக'வுக்கு நேர் இணை. ஆனால் நம் தொடரில் கையில் இருப்பது திருட்டுப் பொருள். ஸ்காட்லாந்துச் சட்ட வழக்கிலிருந்து வந்த அந்தத் தொடரில் கையில் இருப்பது ரத்தம்.