சாயம் ஏன் ஓடுகிறது? – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் டை அண்ட் டை (துணியைக் கட்டிச் சாயம் ஏற்றும் முறை) போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

லீவுக்குப் பிள்ளைகளோடு நாலு வெள்ளை பனியனுக்கு டை அண்ட் டை போட்டுப் பார்க்கலாம்னு இருக்கோம். இதுதான் முதல் தடவை. என்னென்ன வாங்கணும், எப்படி ஆரம்பிக்கணும்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

சாயத்தை வாங்கும் முன் பனியனைப் பாருங்கள். முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். லேபிள் போய்விட்டதென்றால் துணியின் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவித் தீயில் காட்டுங்கள். தையல் நூலை எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் பாலியஸ்டர். காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து, தொட்டதும் பொடியாகும் சாம்பல் விட்டால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர். நாம் சொல்லப்போகிற சாயம் அதில் பிடிக்காது. ரேயானும் பருத்தியைப் போலவே எரியும், சாயமும் நன்றாகப் பிடிக்கும்.

வாங்க வேண்டியது ரியாக்டிவ் சாயம், அதாவது பருத்தி இழையோடு சேர்ந்துவிடும் சாயம்; அதிலும் பச்சைத் தண்ணீரிலேயே பிடிக்கும் ‘எம்’ வகை. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றிலும் சின்னப் பொட்டலம் போதும். கூடவே சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் காரப் பொடியான சோடா ஆஷ் 300 கிராம், தடித்த ரப்பர் பேண்டு, ரப்பர் கையுறை, மாஸ்க், மூக்கு நீண்ட சாஸ் பாட்டில் மூன்று. மாஸ்க்கை வீண் செலவென்று விட்டுவிடாதீர்கள். இந்தப் பொடி மூச்சில் ஏறினால் சிலருக்கு இழுப்பே வந்துவிடும். பொடியைக் கரைக்கும் வேலை பெரியவர்களுடையது. பிள்ளைகள் பாட்டிலில் நிறம் ஆன பிறகு வரட்டும். ஃபேனை நிறுத்திவிட்டுக் கரையுங்கள். இதற்கு எடுத்த கரண்டியும் பாத்திரமும் திரும்பச் சமையலுக்குப் போகக்கூடாது.

பனியனை முந்தின நாளே சுடுநீரில் சோப்புப் போட்டு அலசிவிடுங்கள். புதுத் துணியில் இருக்கும் கஞ்சி போகாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். பிறகு 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 300 கிராம் சோடா ஆஷைக் கரைத்து, பனியனை 20 நிமிடம் ஊறவைத்து, கையுறையோடு இறுக்கிப் பிழியுங்கள். ஈரமாகவே கட்டலாம்.

சுருள் வடிவம் முதல் தடவைக்கு ஏற்றது. பனியனைத் தட்டையாக விரித்து, நெஞ்சுப் பகுதியில் ஒரு புள்ளியைக் கிள்ளிப் பிடித்துத் திருகிக்கொண்டே போனால் மொத்தத் துணியும் கைமுறுக்கு மாதிரி வட்டமாகச் சுருண்டு வரும். மடிப்புகள் மேலே எழும்பினால் தட்டி அமுக்குங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால்தான் கோடு ஒழுங்காக விழும். மூன்று ரப்பர் பேண்டை நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் ஆறு துண்டமாகப் பிரியும்.

சாயத்துக்கு அளவு: 250 மில்லி தண்ணீருக்கு 6 கிராம், கறுப்பென்றால் 12. முதலில் ஒரு கரண்டி தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, அப்புறம் மிச்சத் தண்ணீரை ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம். ஒவ்வொரு துண்டத்துக்கும் ஒரு நிறம். பாட்டில் மூக்கை மடிப்புக்குள் நுழைத்து ஊற்ற வேண்டும், மேலாக ஊற்றினால் பிரிக்கும்போது உள்ளே பாதி வெள்ளையாக நிற்கும். திருப்பிப் போட்டு மறுபக்கமும் அதே நிறங்களை அதே இடத்தில் ஊற்றுங்கள். பாலித்தீன் கவரில் கட்டி வைத்து மறுநாள் கவரைப் பிரிக்கலாம்.

அலசுவதில் வரிசை முக்கியம். முதலில் கட்டோடு பச்சைத் தண்ணீரில், ஓடுகிற சாயம் குறையும்வரை. பிறகு பிரித்துத் திரும்பவும் பச்சைத் தண்ணீர். சோடா முழுக்கப் போன பிறகே நல்ல சூடான தண்ணீரில் சோப்போடு அரை மணி நேரம். முதலிலேயே சுடுநீர் விட்டால், மிச்சமிருக்கும் சோடாவின் பலத்தில் ஓடுகிற சாயம் வெள்ளைப் பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

சொன்னபடிதான் செஞ்சேன். அலசினதும் பூரா சாயமும் போயிட்டு. உப்புத் தண்ணியில போடு, வினிகர் விடுன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க.
– வாசகி, பாளையங்கோட்டை

எந்த சோடா போட்டீர்கள் என்று எழுதவில்லை. பலசரக்குக் கடையில் வெறுமனே ‘சோடா’ என்று கேட்டால் அண்ணாச்சி ஆப்பச் சோடாவைத்தான் மடித்துத் தருவார். அதன் காரம் இந்த வேலைக்குப் போதாது. கேட்க வேண்டியது சோடா ஆஷ் அல்லது சலவைச் சோடா. சலவைச் சோடாவிலும் ஒரு சங்கதி: கற்கண்டு மாதிரி பளபளக்கும் கட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 300 கிராம் பொடிக்கு ஈடாக அது 800 கிராம் வேண்டும்.

சோடா சரியென்றால் பொட்டலத்தைப் பாருங்கள். ‘எச்’ என்று போட்டிருந்தால் அது சூடு கேட்கும் சாயம், பச்சைத் தண்ணீரில் பிடிக்காது. இன்னொரு காரணமும் உண்டு. சோடாவைச் சாய பாட்டிலிலேயே கலந்துவிட்டால், சாயம் துணிக்குப் பதில் தண்ணீரோடு சேர்ந்து சில மணி நேரத்தில் செத்துப்போகும்; நிறம் மட்டும் அப்படியே இருந்து நம்மை ஏமாற்றும்.

வினிகர் இந்தச் சாயத்துக்கு எதிரி, சோடாவை முறித்துவிடும். பிடிக்காமல் போன சாயத்தை உப்பும் பிடித்துவைக்காது. அந்தத் துணி கெட்டுவிடவில்லை, சோடாவிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

மொட்டைமாடியில் வைத்திருந்தேன். நடுவில் நல்ல நிறம், ஓரமெல்லாம் வெளிறிவிட்டது. ஏன்?
– வாசகர், வள்ளியூர்

உங்கள் ஊர்க் காற்றுதான். ஈரம் இருக்கும்வரைதான் சாயம் பருத்தியோடு சேரும். காய்ந்த இடத்தில் வேலை அப்போதே நின்றுவிடும். ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் அடிக்கிற காற்றுக்குத் திறந்து வைத்த துணியின் ஓரம் எத்தனை நேரம் தாங்கும்? கவரின் வாயை இறுக்கிக் கட்டி வீட்டுக்குள் வையுங்கள். பாட்டிலுக்கு ஒரு மேசைக்கரண்டி யூரியா சேர்த்தால் ஈரம் கூடுதல் நேரம் நிற்கும். உரக்கடை யூரியா வேண்டாம், அதில் வேப்பெண்ணெய் பூசியிருப்பார்கள். சாயக் கடையில் கேளுங்கள்.

சூடு நல்லது. சித்திரையில் 12 மணி நேரமே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முழு 24 மணி நேரம் விடுங்கள். டர்க்காய்ஸ் நீலம் மட்டும் எப்போதும் தாமதம்தான்.

எங்களுக்கு போர் தண்ணீர், உப்பு. இதில் போடலாமா?
– வாசகி, திசையன்விளை

அலசப் போடலாம். சாயம் கரைக்கவும் சோடா கரைக்கவும் வேண்டாம். கடினநீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோடாவோடு சேர்ந்து வெள்ளை மாவாகத் துணியில் படியும், நிறம் மங்கும். மொத்தம் ஆறு லிட்டர்தானே, தாமிரபரணிக் குடிநீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளும் ஊதாவும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினேன். நடுவில் சேற்று நிறம்.
– மாணவி, மேலப்பாளையம்

அந்த இரண்டும் கலந்தால் அப்படித்தான் ஆகும். சிவப்புக்கும் பச்சைக்கும், நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் இதே கதி. இடையில் இரண்டு விரல் அகலம் வெள்ளை விடுங்கள், அல்லது மஞ்சளுக்கு அடுத்து சிவப்பை வையுங்கள்.

சுங்குடிச் சேலை மாதிரி சின்னச் சின்னப் புள்ளி துப்பட்டாவில் வருமா?
– வாசகி, வீரவநல்லூர்

வரும், பொறுமை இருந்தால். மதுரைச் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. நகத்தால் துணியைத் துளி கிள்ளி, கெட்டி நூலால் ஆறேழு சுற்று இறுக்கிச் சுற்ற வேண்டும். பெரிய வட்டத்துக்கு உள்ளே கோலிக்குண்டு வைக்கலாம். புளியமுத்து வைக்காதீர்கள், அதன் தோல் சோடாவில் பழுப்புக் கறை விடும்.

இதற்குப் பாட்டில் ஆகாது, முக்கி எடுக்க வேண்டும். சோடாவில் முன்கூட்டி ஊறவைக்கவும் கூடாது. 150 கிராம் துப்பட்டாவுக்கு 3 லிட்டர் தண்ணீர், 5 கிராம் சாயம், 150 கிராம் உப்பு. இங்கேதான் உப்புக்கு வேலை: சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளும். முடிச்சிட்ட துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டு உள்ளே போடுங்கள். உலர்ந்த முடிச்சு சாயத்தை உறிஞ்சிப் புள்ளியை அழித்துவிடும். 20 நிமிடம் கிளறியபின் துணியை ஓரமாக ஒதுக்கி, 45 கிராம் சோடா ஆஷைத் தனியே கரைத்து ஊற்றி, அவ்வப்போது கிளறி ஒரு மணி நேரம் விடுங்கள். துணி முழுக்கக் காய்ந்த பிறகு முடிச்சைப் பிரித்தால் புள்ளியின் ஓரம் கூர்மையாக இருக்கும். அப்புறம் மேலே சொன்ன வரிசைப்படி முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே சுடுநீர்.

சாயப் பொடிக்குப் பதில் மஞ்சள்தூள்?
– வாசகர், களக்காடு

சோப்புப் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் வெளுக்கும். விளையாட்டுக்குச் சரி.

மிச்சமான சாயத்தையும் தண்ணீரையும் என்ன செய்ய?
– வாசகி, அம்பாசமுத்திரம்

சோடாத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், மூடி வைத்து அடுத்த முறை பயன்படுத்தலாம். அலசிய தண்ணீரை நிறையத் தண்ணீர் சேர்த்துக் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். தென்னை மூட்டிலும் வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். சோடா சேராத சாயம் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும், வெளியே நம் வெயிலுக்கு இரண்டு மூன்று நாள்தான். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். சிவப்புச் சாயத்துக்கும் ரோஸ்மில்க்குக்கும் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது.