1957 அல்ல என்று காட்டினால் போதும்

கேள்வி: ஐயா, நான் லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். சிறுவயதில் மாமா வாங்கித் தந்த ஜப்பான் தகர விண்கலம் ஒன்று என்னிடம் இருந்தது. அதுபோல் ஒன்றை மீண்டும் வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பழைய பொம்மைகள் விற்பதையே தொழிலாகச் செய்யும் ஒருவரின் இணையதளத்தில் ஒன்றைப் பார்த்து, தொலைபேசியில் பேசி, கிரெடிட் கார்டில் 1,850 பவுண்டு செலுத்தி வாங்கினேன். "ஹோரிகாவா, 1957, அசல் பெட்டியுடன்" என்று ரசீதிலும் எழுதியிருக்கிறார்; ஹோரிகாவா என்பது ஜப்பானிய பொம்மை நிறுவனம். நான்கு மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரம் வீட்டுக்கு வந்த சேகரிப்பாளர் ஒருவர், கலத்தின் பக்கவாட்டில் 'நாசா' என்று அச்சிட்டிருப்பதையும் பெட்டியின் ஓரத்தில் எஸ்.டி. என்ற சிறு முத்திரை இருப்பதையும் காட்டி, இது 1957ஆக இருக்கவே முடியாது என்றார். விற்றவரோ, "ஆண்டு என்பது என் கருத்து மட்டுமே. பார்த்த நிலையில் விற்கப்பட்டது என்று ரசீதில் போட்டிருக்கிறேன்" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் அதே விவரத்தைப் போட்டு நானும் விற்றுவிடலாமா?

பதில்: கிடைக்கும் என்றே நம்புகிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. இதுவரை நீங்கள் ஏமாந்தவர். உண்மை தெரிந்த பிறகு '1957' என்று எழுதி விற்றால், 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்தின் கீழ் குற்றவாளியாக நிற்பீர்கள். அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

அந்தச் சேகரிப்பாளரின் கண் கூர்மையானது. நாசாவை உருவாக்கிய சட்டம் கையெழுத்தானது 1958 ஜூலையில். அந்நிறுவனம் வேலையைத் தொடங்கியது அக்டோபரில். 1957இல் ஸ்புட்னிக் பறந்துவிட்டது. ஆனால் நாசா என்ற பெயரே கிடையாது. அந்தக் காலத்து ஜப்பானிய பொம்மைக்காரர்கள் செய்தித்தாளில் வந்ததை உடனுக்குடன் தகரத்தில் அச்சிட்டார்கள். ஆனால் வராத செய்தியை அவர்களாலும் அச்சிட முடியாது. எஸ்.டி. முத்திரையும் அப்படித்தான். ஜப்பான் பொம்மைச் சங்கத்தின் பாதுகாப்பு முத்திரை அது. 1971இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெட்டியில் உள்ள முத்திரை பெட்டியின் வயதைத்தான் சொல்லும். பழைய பொம்மையைப் பிற்காலத்துப் பெட்டியில் வைத்து விற்பது இந்தச் சந்தையில் சாதாரணம். எனவே எதிர்த்தரப்பு, "கலம் பழையது, பெட்டி மட்டும் மாறிவிட்டது" என்று வாதிடலாம். வாதிடட்டும். கலத்தின் மேல் நாசா என்று இருப்பதால் கலம் 1957 அல்ல. பெட்டி 1971க்கு முந்தையது அல்ல என்பதால் '1957, அசல் பெட்டி' என்பதும் பொய். அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையை நீங்கள் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். அறுபதுகளா எழுபதுகளா என்று சேகரிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதிப்பார்கள். நீதிமன்றத்தில் உங்களுக்கு வேண்டியது ஒன்றே: எழுதிக்கொடுத்த விவரத்துக்குப் பொருள் பொருந்தவில்லை.

இதனால்தான் பிளாஸ்டிக் பாகங்கள், பாகங்களை இணைக்கும் தகர நாக்குகளை மடித்த விதம், வண்ண அச்சின் பளபளப்பு ஆகியவற்றில் வழக்கை ஊன்ற வேண்டாம் என்கிறேன். ஐம்பதுகளின் பொம்மைகளிலும் பிளாஸ்டிக் உண்டு. 'மேட் இன் ஜப்பான்' என்ற எழுத்தும் வயதைச் சொல்லாது; ஜப்பானிலேயே பிற்காலத்தில் மறுபதிப்பாகச் செய்த தகர பொம்மைகள் உண்டு. 'ஆக்குபைட் ஜப்பான்' (ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்) என்ற எழுத்து இருந்தால் மட்டும் காலம் குறுகும். போருக்குப் பின் 1947 முதல் 1952 ஏப்ரலில் ஆக்கிரமிப்பு முடியும்வரை ஏற்றுமதியான பொருள்களில் அது வந்தது. அது இல்லாததால் பொருள் அந்தக் காலத்தது அல்ல என்று முடிவு செய்யவும் முடியாது.

இனி சட்டம். விற்றவர் வியாபாரி, நீங்கள் நுகர்வோர். ஆகவே 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. 'பார்த்த நிலையில்' என்ற வரியால் அந்தப் பொறுப்பைக் கழித்துக்கொள்ள முடியாது என்கிறது 31ஆம் பிரிவு. பொருளில் குறை இருந்தால் 30 நாளுக்குள் உடனடியாக நிராகரிக்கும் உரிமை உங்களுக்கு முடிந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அது கடந்தாலும் வழி அடைபடவில்லை. அடுத்த படி பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப்பொருள். 1957ஐச் சேராத கலத்தை எந்தப் பழுதுபார்ப்பும் 1957க்குக் கொண்டுபோகாது. அதே மாதிரியில் 1957ஆம் ஆண்டுக் கலம் மாற்றித் தரவும் வழியில்லை. ஆகவே பொருளைத் திருப்பித் தந்து பணம் பெறும் இறுதி நிராகரிப்பு உரிமைக்கு நேராகச் செல்லலாம். ஆறு மாதத்துக்குள் அதைப் பயன்படுத்தினால், நீங்கள் வைத்திருந்த காலத்துக்காக ஒரு பென்னிகூடக் கழிக்கக் கூடாது. உங்களிடம் இரண்டு மாதங்கள் மிச்சம். விலைக்குறைப்பு தருகிறேன் என்று அவர் இறங்கி வந்தால் ஏற்காதீர்கள். அப்போதுதான் கலத்தின் உண்மையான ஆண்டு என்ன, அதன் விலை என்ன என்ற முடிவில்லாத விவாதம் தொடங்கும்.

'கருத்து மட்டுமே' என்ற வாதத்துக்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஹார்லிங்டன் வழக்கில், ஜெர்மன் ஓவியர் காப்ரியேலே முன்டர் வரைந்ததாக விற்ற ஓவியம் போலி என்று பின்னர் தெரியவந்தது; ஆனாலும் அதை வாங்கியவர் வழக்கில் தோற்றார். ஆனால் அங்கே வாங்கியவர் அந்தத் துறையில் அனுபவமுள்ள கலைவணிகர். விற்றவரோ தனக்கு அதில் தேர்ச்சி இல்லை என்று முன்பே சொன்னவர். உங்கள் வழக்கு நேர் எதிர். தகர பொம்மையில் தேர்ச்சி உள்ளவர் என்று தன்னைக் காட்டிக்கொண்டவர் அவர். ஆண்டை நம்பி வாங்கியவர் நீங்கள். தொலைபேசியில் அவர் சொன்னவை நினைவிருந்தால் இன்றே எழுதி வையுங்கள்.

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு 1950ஆம் ஆண்டின் லீஃப் வழக்கு போதும். ஜான் கான்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியர் வரைந்தது என்று நம்பி 85 பவுண்டுக்கு ஓவியம் வாங்கியவர், ஐந்து ஆண்டுகள் கழித்து விற்கப் போனபோதுதான் உண்மை அறிந்தார். ஒப்பந்தத்தை ரத்துசெய்யக் கேட்டார். காலம் கடந்துவிட்டது என்று நீதிமன்றம் மறுத்தது.

இன்னொரு கதவும் திறந்திருக்கலாம். நேரில் போகாமல் வாங்கியதால் 2013ஆம் ஆண்டின் விதிகளின்படி 14 நாளில் காரணமே சொல்லாமல் ரத்துசெய்யும் உரிமை உங்களுக்கு இருந்தது. அதை அவர் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்காமல் விட்டிருந்தால் அந்தக் காலம் மேலும் 12 மாதங்கள் நீளும். அப்படியானால் ஆண்டைப் பற்றிய சண்டையே தேவையில்லை. அவர் அனுப்பிய மின்னஞ்சல்களைத் தேடிப் பாருங்கள். பல சிறு வியாபாரிகள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கிரெடிட் கார்டில் செலுத்தியதும் நல்லதாயிற்று. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கு, 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் வியாபாரிக்கு இணையாகப் பொறுப்பு. நேரடியாகச் செலுத்தினீர்களா, இடையில் வேறு கட்டணச் சேவை இருந்ததா என்பதை மட்டும் கார்டு அறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஒருவர் வந்தால் சில நேரம் இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகும். நிறுவனம் மறுத்தால் நிதிக் குறைதீர்ப்பு அமைப்பை அணுகலாம்; கட்டணம் இல்லை.

இதே கலத்தைத் தனிநபரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் உரிமைச் சட்டம் துணைக்கு வராது; 1979ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமே முக்கியத் துணை. நேரில் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் வாங்கியிருந்தால் நான் இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டேன். பழைய பொருள்களுக்கு நுகர்வோர் சட்டத்தின் பெரும்பகுதி அங்கே நுழையாது.

கலத்தைத் துடைக்காதீர்கள், இயக்கிப் பார்க்காதீர்கள். உள்ளே பேட்டரி இருந்தால் எடுத்துவிடுங்கள். நாசா எழுத்தையும் எஸ்.டி. முத்திரையையும் அருகிலிருந்து படமெடுங்கள். இணையதளப் பக்கத்தை அவர் மாற்றுவதற்குள் சேமியுங்கள். ஒரு ஏலநிறுவனத்தின் பொம்மைத் துறை வல்லுநரிடம் எழுத்தில் கருத்துப் பெறுங்கள். "1957 அல்ல" என்ற ஒரு வரி போதும். பிறகு இந்த வாரமே விற்றவருக்குக் கடிதம் எழுதுங்கள்: பொருளை நிராகரிக்கிறேன், 14 நாளில் 1,850 பவுண்டு வேண்டும், திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. கடிதத்தின் நகல் கார்டு நிறுவனத்துக்கும் போகட்டும். மறுத்தால் சிறு வழக்குப் பிரிவு. அங்கே வரம்பு 10,000 பவுண்டு. விசாரணைக்கு முன் இலவச சமரசப் பேச்சு இப்போது கட்டாயம். பணம் கைக்கு வரும்வரை கலம் உங்கள் அலமாரியிலேயே பத்திரமாக இருக்கட்டும்.